பொறி வைக்க குழி தோண்டுற சுத்தியல்: முகத்த பாக்காதீங்க, இலைய பாருங்க

கடைல சுத்தியல கைல எடுத்தா நாம எல்லாரும் பண்றது ஒரே வேலைதான். காத்துல ரெண்டு வீசு வீசுவோம், முகத்த உள்ளங்கைல தட்டிப் பாப்போம், "ம்ம், நல்ல கனம்"னு சொல்லிட்டு காசு குடுத்துட்டு வந்துடுவோம். நானும் அப்படித்தான் என் முதல் சுத்தியல வாங்கினேன். கனம் பிரமாதம், முளை சுலபமா உள்ள போகும். ஆனா எதிர்ப்பக்கம் மண்ணு வெட்ட இருந்த இலை நாலரை இன்ச் அகலம், அத வச்சு சின்னப் பொறிக்கு குழி எடுத்தா அது குழியா இருக்காது, ஒரு சட்டி மண்ணு அள்ளின பள்ளமா இருக்கும். அந்தப் பள்ளத்துல பொறிய வச்சு சுத்தி பொலபொலன்னு மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன், மறுநாள் காலைல போய் பாத்தா பொறி தலைகீழா வெளிய கெடக்குது, பக்கத்துல நரி கால் தடம், மண்ண அழகா ஒதுக்கி வச்சுட்டுப் போயிருக்கு. அன்னிக்குத்தான் புரிஞ்சுது, இந்த சாமான்ல சுத்தியல் பக்கம் ரெண்டாவதுதான், இலை தான் முதல்ல.

எந்த சாமானச் சொல்றேன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு பக்கம் சுத்தியல் முகம், எதிர்ப்பக்கம் களைக்கொத்து மாதிரி ஒரு இலை, ரெண்டும் ஒரே காம்புல. கால்பொறி (நடுவுல இருக்கற தட்ட மிதிச்சா ரெண்டு தாடையும் மூடி மிருகத்தோட காலப் பிடிக்கற பொறி) வைக்கறவங்க மண்ணு தோண்ட ஒன்னு, முளை அடிக்க ஒன்னுன்னு ரெண்டு சாமான் தூக்காம இத ஒன்ன மட்டும் வாளில போட்டுட்டுப் போவாங்க. ஆட்டுப் பட்டிக்கு வர்ற கயோட்டிய (ஓநாய் இனத்து அமெரிக்க மிருகம்) பிடிக்கறவங்க, தோலுக்காக சீசன்ல பொறி வைக்கறவங்க, ஓநாய உயிரோட பிடிச்சு கழுத்துல ரேடியோ காலர் மாட்டி விடுற ஆராய்ச்சிக்காரங்க, எல்லார் கைலயும் இதுதான் இருக்கும்.

இன்னொரு விஷயமும் இங்கயே சொல்லிடறேன், அப்புறம் மறந்துடுவேன். கால்பொறிய எல்லா நாட்லயும் வைக்க முடியாது. ஐரோப்பிய யூனியன்ல 1995-லேர்ந்து தடை. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ங்கற சொல்லுக்கு குடுத்திருக்கற விளக்கத்துக்குள்ளயே பொறி வைக்கறதும் கண்ணி வைக்கறதும் அடக்கம். அமெரிக்கா, கனடாவுல அனுமதி இருக்கற எடத்துலயும் லைசென்ஸ், சீசன், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாக்கணும்ங்கற கணக்கு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் என்ன சொன்னாலும் தினமும் காலைல போய்ப் பாக்க முடியாதவங்க பொறியே வைக்காதீங்க, சுத்தியலும் வாங்காதீங்க.

சரி, இலை ஏன் முக்கியம்னு சொன்னேன், அதுக்கு வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை கிட்டக்க பாக்கணும். மண்டி போட்டு உக்காருறீங்க. முதல்ல ஒரு சாய்வான பொந்து, எலி எதையோ ஒளிச்சு வச்ச மாதிரி, ரெண்டு மூனு இன்ச் அகலத்துல, கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வா உள்ள ஆறு எட்டு இன்ச் போகணும், மிருகத்த இழுக்கற வாசனை மருந்து அங்கதான் போகும். அது முன்னாடி பொறி உக்காருற படுக்கை, அதுதான் அசல் வேலை. பொறி விரிச்சு நிக்கும்போது என்ன உயரமோ அதவிட ஒரு கால் இன்ச் கூட ஆழம், அதுக்கு மேல வேணாம், ஏன்னா மேல சலிச்ச மண்ணு ஒரு கால் இன்ச் போட்டா தரைமட்டம் வந்துடணும், இல்லன்னா கொஞ்சம் தாழ இருக்கணும். படுக்கையோட அடி தட்டையா இருக்கணும். பொறிய உள்ள வச்சு எந்த மூலைய விரலால அழுத்தினாலும் அது ஆடவே கூடாது. ஆடினா முடிஞ்சுது கதை. மிருகம் தட்டு மேல கால் வைக்கறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் பக்கமோ தாடை மேலயோ கால் வைக்கும், அடில ஏதோ அசையுதேன்னு தோணினதுமே ஒன்னு விலகிப் போயிடும், இல்ல என் நரி மாதிரி தோண்டிப் பாக்கும்.

இப்ப புரியும், குழி பொறிய விட எவ்வளவு பெருசோ அவ்வளவு பொலபொல மண்ணு பக்கத்துல அடைக்கணும், அடைச்ச மண்ணு எவ்வளவு இறுக்கினாலும் தோண்டாத மண்ணு மாதிரி வராது. அதனால பொறி அளவுக்கு மட்டும், சுத்தி ஒரு விரல் எடம் விட்டு, குழி எடுக்கற இலை தான் வேணும்.

என் கணக்கு இதுதான். பொறிக்கு நம்பர் ஏற ஏற அளவு பெருசு. ஒன்னரை நம்பர் காயில் ஸ்பிரிங் பொறிக்கு தாடை விரிப்பு சுமாரா 5 இன்ச், ரெண்டாம் நம்பருக்கு அஞ்சரை பக்கம், மூனாம் நம்பருக்கு ஆறு பக்கம், கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். ரெண்டரை இன்ச் இலை இருந்தா ரெண்டு வெட்டு பக்கத்து பக்கத்துல போட்டா ஒன்னரை நம்பர் அளவு வந்துடும், மூனாம் நம்பருக்கு கூட ஒரு கீறல் போடணும் அவ்வளவுதான். அதே ரெண்டரை இன்ச் இலை அந்தப் பொந்து தோண்டவும் சரியா போகும். 3 இன்ச் இலை பெரிய பொறி மட்டுமே வைக்கறவங்களுக்கு ஓகே, ஆனா பொந்து கொஞ்சம் வாய் பொளந்த மாதிரி ஆகும். 2 இன்ச்சுக்கு கீழ போனா பொந்து அருமையா வரும், படுக்கை தட்டையா வராது, வரப்பு வரப்பா நிக்கும், அத கையால தடவித் தடவி சரி பண்ணிட்டே உக்காந்திருக்கணும். கல்லும் வேரும் நெறைய இருக்கற மண்ணுன்னா மட்டும் நான் ரெண்டு இன்ச் இலை பக்கம் சாய்வேன், குறுகலான இலை கல்லுக்கு நடுவுல நுழையும், அகலமானது ஒவ்வொரு கல்லுலயும் முட்டி கைய அதிர வைக்கும்.

அகலத்துக்கு அப்புறம் பாக்க வேண்டியது இலையோட நுனி நேரா இருக்கா, வளைவா இருக்கான்னு. கடைல தொங்குற பாதி சாமான்ல நுனிய அழகுக்கு அரைவட்டமா வெட்டி வச்சிருப்பாங்க. மண்ணுல ஏறறதுக்கு அது சுலபம், சரிதான், ஆனா அத வச்சு குழி அடிய தட்டையாக்கவே முடியாது, கிண்ணம் மாதிரி வரும், கிண்ணத்துல பொறிய வச்சா ஊஞ்சல் ஆடும். நுனி நேரா இருக்கணும், மூலை ரெண்டும் கூர்மையா இல்லாம ஒரு நூல் மழுங்கியிருந்தா போதும். இலை உடம்பு கொஞ்சமா காம்பு பக்கம் உள்ள வளைஞ்சிருக்கணும், தச்சர் வாச்சி மாதிரி. காம்புக்கு சரியா 90 டிகிரில நீட்டிட்டு நிக்கற இலை மண்ணுல குத்தும், ஆனா மண்ண உங்க பக்கம் இழுத்துட்டு வராது, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்ட திருப்பி அள்ளணும். ரொம்ப வளைஞ்சுட்டாலும் தொல்லை, நுனி குத்தறதுக்கு முன்னாடி இலையோட முதுகு தரைல தட்டும். கடைல இத பாக்க ஒரு வழி இருக்கு, சுத்தியல வேலை செய்யற மாதிரி பிடிச்சு இலை நுனிய மேஜை மேல வைங்க, வச்சதும் உங்க முழங்கை சங்கடம் இல்லாம உடம்பு பக்கத்துல இருக்கா, விரல் மேஜைல இடிக்காம இருக்கா? இருந்தா அந்த வளைவு உங்களுக்கானது. மண்டி போட்டு பாக்கறது இன்னும் நல்லது, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும்.

இலை தடிமன் பத்தி ரெண்டு கட்சி உண்டு. நுனில மெல்லிசு, கழுத்துல தடிமன், இப்படி படிப்படியா குறைஞ்சு வர்றதுதான் என் கட்சி. ஒரே தடிமனான இரும்புப் பட்டைய வெட்டி சுத்தியல் தலைல பத்த வச்சு விக்கறாங்க, அது மண்ணுல ஏறாது, அடிச்சு அடிச்சு ஏத்தணும், நாள் பூரா 20 குழி போட்டா தோள் விட்டுப் போகும்.

பத்த வச்சதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. என் ரெண்டாவது சுத்தியல் ஒரு பட்டறைல சொல்லி செஞ்சது. சாதா சுத்தியல் தலை, அதோட பின்பக்கம் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு, வெல்டிங். பாக்க பிரமாதமா இருந்துச்சு. மூனாவது வாரம், ஒரு வேரடில இலைய குடுத்து நெம்பினேன், டக்குன்னு ஒரு சத்தம், இலை மண்ணுலயே நின்னுடுச்சு, கைல வெறும் சுத்தியல். உடைஞ்ச எடத்தப் பாத்தா பத்த வச்ச கோட்டுல இல்ல, அதுக்கு ஒரு நூல் பக்கத்துல பட்டைல உடைஞ்சிருக்கு. ஸ்பிரிங் பட்டைல கரி (கார்பன்) அளவு ஜாஸ்தி, சூடு பண்ணாம நேரடியா பத்த வச்சு அது வேகமா ஆறினா பக்கத்துல இருக்கற இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கற பதத்துக்கு வந்துடும், முன்னாடியே சூடு பண்ணி, அப்புறமும் மெதுவா ஆற விடணும். பட்டறைக்காரர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவசரப்படுத்தினது நான். அதுலேர்ந்து ஒரே இரும்பா அடிச்சு எடுத்த தலை தான் வாங்கறேன். வெல்டிங் தலைதான் கெடைக்குதுன்னா பத்த வச்ச கோடு ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு ஓடியிருக்கா, ஓட்டை ஓட்டையா இல்லாம மீன் செதில் மாதிரி ஒழுங்கா அடுக்கியிருக்கான்னு பாருங்க, அப்புறம் வேர நெம்பறதுக்கு அத பயன்படுத்தாதீங்க.

இப்ப சுத்தியல் பக்கம் வருவோம், அதுவும் சும்மா இல்ல. பொறிய மண்ணோட பிணைக்கறது முளை தான். அரை இன்ச் முறுக்குக் கம்பி, கெட்டி மண்ணுன்னா 18 இன்ச், சாதாரண மண்ணுன்னா 24, மணல்னா 30-க்கு மேல, இல்லன்னா ரெண்டு முளைய எதிரெதிர் சாய்வுல குறுக்கா அடிப்பாங்க. அது தவிர கேபிள் நங்கூரம்னு ஒன்னு இருக்கு, ஒரு சின்ன இரும்புத் துண்ட கம்பிக் கயித்தோட ஒரு தடியால மண்ணுக்குள்ள எறக்கிட்டு மேல இழுத்தா அது குறுக்க திரும்பி மாட்டிக்கும். எதுவா இருந்தாலும் அடிக்கணும். அதுவும் எங்க அடிக்கணும், பொறி படுக்கைக்கு நடுவுல, முளைத் தலை படுக்கை மட்டத்துக்கு கீழ போற வரைக்கும். சங்கிலிய மடிச்சு பொறிக்கு அடில புதைக்கணும்ல.

இங்கதான் ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல, நீங்களே அடிச்சுப் பாத்தாதான் தெரியும். முதல் இருபது அடி ஜாலியா போகும். முளை தரைமட்டத்துக்கு வந்ததும், கடைசி ரெண்டு இன்ச்ச குழிக்குள்ள அடிக்கணும், அப்ப சுத்தியல் முகம் குழிக்குள்ள போகும், உங்க விரல் முட்டி குழி விளிம்புல போய் இடிக்கும், உறைஞ்ச மண்ணா இருந்தா தோல் உரிஞ்சுடும், கஷ்டப்பட்டு எடுத்த குழியோட விளிம்பும் இடிஞ்சுடும். அதனால சுத்தியல் முகம் காம்புலேர்ந்து கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கற தலை தான் நல்லது, ரெண்டு ரெண்டரை இன்ச் கழுத்து இருந்தா சௌகரியம். முகம் அகலம் ஒன்னேகால் இன்ச் போதும். பெரிய முகம் குறி தப்பாதுங்கறது சரிதான், ஆனா குழிக்குள்ள எறங்காது. கைல இருக்கற சுத்தியலுக்கு கழுத்து குட்டைன்னா தூக்கிப் போட வேணாம், ஒரு சாண் நீளத்துக்கு கெட்டியான இரும்புத் தண்டு ஒன்னு வச்சுக்கோங்க, கடைசில முளை மேல அத நிறுத்தி அது தலைல அடிங்க. அடி வாங்கற தண்டு சாதா இரும்பா இருக்கட்டும்.

சாதா இரும்புன்னு ஏன் அழுத்தி சொல்றேன்னா, சுத்தியல் முகம் பதம் போட்ட கெட்டி இரும்பு. கெட்டியும் கெட்டியும் மோதினா சில்லு தெறிக்கும், கண்ணுல பட்டா கண்ணு போகும். சுத்தியல சுத்தியலால அடிக்கவே கூடாது. இலை மண்ணுல மாட்டிக்கிச்சு, இன்னொரு சுத்தியல் எடுத்து முகத்து மேல ரெண்டு போட்டு எறக்குவோம்னு தோணும், அந்த ஆசைய அடக்கிடுங்க. முளை அடிக்கும்போது கண்ணாடி போடுங்க, குளிர்ல கண்ணாடில ஆவி படியுதுன்னு கழட்டாதீங்க.

கனம் எவ்வளவு? தலை மட்டும் முக்கால் கிலோலேர்ந்து ஒன்னேகால் கிலோ வரைக்கும், இதுதான் என் எல்லை. முக்கால் கிலோவுக்கு கீழ போனா 24 இன்ச் முளைய எறக்க நாப்பது அம்பது அடி ஆகும். ஒன்னேகாலுக்கு மேல போனா முளைக்கு சுகம், ஆனா குழி எடுக்கறது எல்லாமே சின்னச் சின்ன வெட்டு, அந்த ஒவ்வொரு வெட்டுலயும் அந்த கனத்த தூக்கி நிறுத்தறது உங்க மணிக்கட்டு. ஒரு குழிக்கு முளை அடி முப்பதுன்னா மண்ணு வெட்டும் இழுப்பும் அதவிட ஜாஸ்தியாவே வரும், எண்ணிப் பாத்திருக்கேன். கேபிள் நங்கூரம் மட்டுமே போடறவங்க, களிமண்ணு காஞ்சு கல்லா கெடக்கற எடத்துல வேலை செய்யறவங்க கொஞ்சம் கனமாவே எடுக்கலாம். மணல்ல வேலைன்னா லேசானதே போதும், அங்க நீங்க தேட வேண்டியது நீள முளை தான்.

கனத்தவிட பெரிசு அந்த கனம் எங்க நிக்குதுங்கறது. காம்ப உள்ளங்கைல லேசா பிடிச்சு சுத்தியல படுக்க வச்ச மாதிரி நீட்டுங்க, பிடிய தளர்த்துங்க, இலை பக்கமோ முகம் பக்கமோ சட்டுன்னு கவுந்தா அந்தப் பக்கம் கனம் கூடன்னு அர்த்தம். கொஞ்சம் முகம் பக்கம் கவுந்தா பரவால்ல, முளை அடிக்கும்போது நேரா விழும். இலை பக்கம் கவுந்தா நீங்க முகத்தால அடிக்கும்போது தலை திரும்பிக்கிட்டே இருக்கும், ரெண்டாவது நாள் முழங்கை வலி வரும்.

காம்பு நீளத்துல ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க. மண்டி போட்டு வேலை செய்யறவங்களுக்கு 14-லேர்ந்து 16 இன்ச். முட்டி வலி இருக்கு, குனிஞ்சு நின்னுட்டே தோண்டணும்னா 20-க்கு மேல, ஆனா குழி சுத்தமா வராது, அத ஒத்துக்கிட்டுதான் வாங்கணும். நான் 16 வச்சிருக்கேன், காம்புல ரம்பத்தால மூனு கோடு போட்டிருக்கேன், 2 இன்ச், 6 இன்ச், 9 இன்ச், காம்போட அடிலேர்ந்து அளந்து. படுக்கை ஆழம், பொந்து ஆழம், பொறிக்கும் பொந்துக்கும் நடுவுல விடற தூரம், எல்லாத்தையும் காம்ப கவுத்து வச்சே பாத்துடுவேன். இருட்டுறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு பொறிய வைக்கணும்ங்கற அவசரத்துல டேப் எல்லாம் யாரு தேடறது. அதே காம்பு அடி தான் பொறிய சுத்தி மண்ணு இடிக்கற உலக்கையும், அதனால அடிப்பக்கம் தட்டையா, ஒரு இன்ச் குறுக்களவுக்கு மேல இருக்கற காம்பா பாருங்க.

மரமா, ஃபைபரா, முழு இரும்பா? மரத்துக்குத்தான் என் ஓட்டு, ஹிக்கரிங்கற அமெரிக்க மரம் கெடைச்சா ஹிக்கரி, அதிர்ச்சிய அது முழுங்கற மாதிரி வேற எதுவும் முழுங்காது. ஆனா காம்போட அடிப்பக்கத்த பாத்து ரேகை எப்படி ஓடுதுன்னு பாக்கணும். ரேகை கோடுங்க எல்லாம் சுத்தியல் வீசற திசையோட சேந்து, தலை நீளத்துக்கு இணையா ஓடணும். குறுக்க ஓடினா அது ஒரு நாள் உடையும். காம்பு பக்கவாட்டுல ரேகை பாதில வெளிய ஓடி முடிஞ்சிருந்தா அந்த எடம் தான் பிளக்கும். வார்னிஷ் பளபளன்னு பூசி ரேகையே தெரியாம வச்சிருக்கறத வாங்கவே வாங்காதீங்க.

மரக் காம்புக்கு ஒரே எதிரி ஆட்டம். தலைல ஆப்பு வச்சிருப்பாங்க, மர ஆப்பு ஒன்னு நீளவாக்குல, அதுக்கு குறுக்க இரும்பு ஆப்பு ஒன்னு, ரெண்டும் இருக்கான்னு மேலேர்ந்து பாருங்க, இடுக்கு எங்கயும் தெரியக் கூடாது. ஆடிடுச்சுன்னா தண்ணில ஊறப் போடுன்னு ஊரே சொல்லும். ஊறினா மரம் உப்பும், கிடுக்குன்னு பிடிக்கும், சரிதான். ஆனா உப்பின மரம் காம்பு நுழையற இரும்புக் கண்ணுக்குள்ள நசுங்கிப் போகும், காஞ்சதும் முன்னவிட தளர்ந்து நிக்கும். தண்ணில நனையற வேலை, பனில நனையற வேலை, ராத்திரி வீட்டுச் சூட்டுல காயறது, இந்த சாமானுக்கு தினமும் இதுதான். ஈரத்துல நாள் பூரா கெடக்கற மாதிரி வேலைன்னா ஃபைபர் காம்பே எடுத்துடுங்க, எனக்கு பிடிக்காது, ஆனா ஆடாது. முழு இரும்புக் காம்பு உடையவே உடையாது, குளிர்காலத்துல ரப்பர் பிடி கிழிஞ்சுதுன்னா கைல ஐஸ் கட்டி பிடிச்ச மாதிரி இருக்கும், அடிக்கற ஒவ்வொரு அடியும் தோளுக்கு வரும்.

முழு இரும்புன்னதும் நெறைய பேர் கேக்கற கேள்வி, பாறை உடைக்கற ஜியாலஜி சுத்தியல் வச்சுக்கலாமான்னு. எஸ்ட்விங் மாதிரி கம்பெனி செய்யறது ஒரே இரும்பா அடிச்சு எடுத்தது, தலைமுறைக்கும் வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுல ஒரு வகைல எதிர்ப்பக்கம் கூர் முனை, இன்னொரு வகைல உளி மாதிரி நுனி, அந்த உளி நுனியும் குறுகல் தான். படுக்கை எடுக்க அது பத்தாது. உறைஞ்ச மண்ணோட மேல் ஓட்ட உடைக்க மட்டும் ரெண்டாவது சாமானா வச்சுக்கலாம். செங்கல் சுத்தியலும் அதே கதை. தோட்டத்து களைக்கொத்துல இலை சில சமயம் அச்சு அசல் சரியா இருக்கும், ஆனா முகம் இருக்காது, பின்பக்கத்தால முளை அடிச்சா கண்ணு விரிஞ்சு காம்பு கழண்டுடும். ஒரு வருஷம் களைக்கொத்தும் தனி சுத்தியலும் தூக்கிட்டு அலைஞ்சேன், வேலை நல்லாத்தான் நடந்துச்சு, எப்பவும் ரெண்டுல ஒன்ன முந்தின பொறிகிட்டயே வச்சுட்டு வந்துடுவேன், அதான் பிரச்சனை.

உறைஞ்ச மண்ணு பத்தி தனியா ஒரு வார்த்தை. மேல ஒரு இன்ச் ரெண்டு இன்ச் ஓடு மாதிரி உறைஞ்சு, அடில மண்ணு சாதாரணமா இருக்கறப்ப இலையால மேல கொத்திக்கிட்டே இருந்தா நுனி தான் மழுங்கும். இலையோட ஒரு மூலைய மட்டும் குடுத்து சுத்திவர கோடு மாதிரி கொத்துங்க, அப்புறம் ஓட்ட ஒரே பாளமா நெம்பி எடுக்கலாம். நெம்பறதுக்கு காம்பு வேணாம், தலையோட பக்கம் கைய வச்சு அழுத்துங்க. தோண்டி எடுத்த ஈர மண்ணையே திரும்பப் போட்டா ராத்திரில பொறியோட சேந்து கட்டியாகிடும், தாடை எழும்பாது, அதனால வெயில்ல காய வச்ச மண்ணோ மெழுகு கலந்த மண்ணோ ஒரு வாளில தனியா கொண்டு போகணும், அது சுத்தியலோட தப்பில்ல.

வாசனை விஷயத்துல சில பேர் ரொம்ப பயப்படுவாங்க, சில பேர் கண்டுக்கவே மாட்டாங்க. நான் நடுவுல. புது சுத்தியல்ல கம்பெனி எண்ணெய் பூசியிருக்கும், அத சோப்புத் தண்ணில கழுவி ஒரு வாரம் வெளிய காத்தோட்டமா தொங்க விடுவேன். வண்டில பெட்ரோல் கேன் பக்கத்துல வைக்க மாட்டேன். வெறுங்கையால பிடிக்காம ரப்பர் கிளவுஸ் போட்டே பிடிப்பேன். காம்புக்கு லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் தேய்க்கறதா இருந்தா சீசன் முடிஞ்சதும் தேய்ங்க, அடுத்த சீசனுக்குள்ள வாடை போயிடும். தேய்ச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, அந்த எண்ணெய் காயும்போது தானா சூடாகி துணி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க. இலைல லேசா துரு பிடிச்சா கவலையே படாதீங்க, ரெண்டு குழி போட்டா மண்ணே தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடும்.

சாணை பிடிக்கறது சவரக்கத்தி மாதிரி வேணாம். ஒரு தட்டை அரம், ஒரே திசைல தள்ளு தள்ளு, வெளிப்பக்கம் மட்டும் சாய்வு, உள்பக்கம் தட்டையா விட்டுடுங்க, சின்ன வேர் ஒரே வெட்டுல போற அளவுக்கு கூர் இருந்தா போதும். எந்திரச் சாணைல குடுத்து இரும்பு நீலமாகிற வரைக்கும் தேய்ச்சா பதம் போயிடும், அப்புறம் வாரத்துக்கு வாரம் மழுங்கும். வாங்கும்போதே பதம் தெரிஞ்சுக்க வழி உண்டு, கூட ஒரு பழைய அரம் கொண்டு போங்க, கடைக்காரர் விட்டா இலை நுனில ஒரு தேய்ப்பு. அரம் வழுக்கிட்டே போனா அது ரொம்ப கெட்டி, கல்லுல பட்டா சில்லு போகும். வெண்ணெய்ல எறங்கற மாதிரி கடிச்சா அது வெறும் இரும்பு, கல்லுல மடங்கும். கொஞ்சம் பிடிச்சு பிடிச்சு கடிக்குதுன்னா எடுத்துக்கோங்க. முகத்துல அரம் வழுக்கினா பரவால்ல, அது அப்படித்தான் இருக்கணும், ஆனா முகத்தோட விளிம்பு கூரா இல்லாம சுத்தி லேசா சாய்ச்சு விட்டிருக்கணும், விளிம்பு தான் முதல்ல தெறிக்கும்.

வாங்கிட்டு வந்ததும் நேரா பொறி வைக்கப் போகாதீங்க. கொல்லைல பொறிய வச்சுட்டு பத்து குழி எடுங்க, பொறிய வைக்கறப்ப விரிக்காம மூடினபடியே வச்சு ஆட்டிப் பாருங்க. அஞ்சாவது குழிலயே காம்பு நீளமா குட்டையா, இலை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரிஞ்சுடும், பத்தாவதுல கை எங்க எரியுதுன்னு தெரியும். கழுவாம மண்ணு ஒட்டாம இருந்தா மாத்திக்கலாம்னு சில கடைல சொல்வாங்க, அதனால ரசீத தூக்கிப் போடாதீங்க, முடிஞ்சா அந்தப் பத்து குழியையும் ஏற்கனவே இதே மாதிரி சுத்தியல் வச்சிருக்கற யாராவது ஒருத்தரோடத கடன் வாங்கி முன்னாடியே போட்டுப் பாத்துடுங்க.

அப்புறம் காம்புல ஒரு சாண் அளவுக்கு ஆரஞ்சு பெயின்ட். பழுப்பு மரக் காம்பு காஞ்ச புல்லுல விழுந்தா கண் முன்னாடியே இருந்தாலும் தெரியாது. என் மூனாவது சுத்தியல், அதான் எல்லாத்துலயும் நல்லது, ரெண்டரை இன்ச் இலை, ஒரு கிலோ தலை, ரேகை நேரா ஓடின ஹிக்கரி, அத ஒரு சாயங்காலம் பொறி மூடிட்டு சல்லடையும் வாளியும் மட்டும் எடுத்துட்டு கெளம்பிட்டேன், மறுநாள் காலைல அரை மணி நேரம் தேடினேன், அடுத்த வாரம் பனி விழுந்துச்சு. பனி உருகினப்புறம் கெடைச்சுது, பொறி இருந்த எடத்துலேர்ந்து நாலடி தள்ளி, தலை துருவேறி, காம்பு வெளுத்துப் போய், ஏதோ ஒரு எலி பிடிய கால்வாசி கடிச்சு வச்சிருந்துச்சு. காம்ப மாத்தினேன், தலை இன்னிக்கும் ஓடுது, புதுக் காம்புக்கு பெயின்ட் அடிச்சது கோடு போடறதுக்கும் முன்னாடி.